மறுபடி அக்காவும் மஞ்சள் விளக்கும்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் மறுபடி அக்கா. கூட வேலை பார்க்கிற பிள்ளைகள் வைத்தது. முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்கள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. இயந்திரம் ஒரு எண்ணைக் காட்டும். மற்றவர்கள் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போவார்கள். இவள் மட்டும் ரத்தம் உள்ள குழாயைத் திரும்பக் கையில் எடுத்து, "மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடலாம்" என்பாள்.

காலையில் போனதும் அவள் செய்கிற முதல் வேலை, விடை முன்பே தெரிந்த ஒரு மாதிரியை இயந்திரத்துக்குள் அனுப்புவது. அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். தெரிந்ததை ஒழுங்காகச் சொல்கிறதா என்று பார்த்த பிறகுதான் தெரியாததை அதனிடம் கேட்பாள். எல்லாக் கூடங்களிலும் உள்ள விதிதான் இது. ஆனால் விதியை விதிக்காகச் செய்கிறவர்கள் உண்டு, பயத்துக்காகச் செய்கிறவர்களும் உண்டு. மறுபடி அக்கா இரண்டாவது ரகம்.

வீட்டுக்கு வந்தால் மாறிவிடுவாளா என்ன? கதவைப் பூட்டுவாள், பூட்டை இழுத்துப் பார்ப்பாள், தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பாள். அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பேருந்திலிருந்து இறங்கியவள் அவள். மகளுக்கு ஏழு கழுதை வயதான பிறகும், எங்கே போனாலும் போய்ச் சேர்ந்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் போதாது. "நிஜமாவே உள்ள போயிட்டியா, இல்ல வாசல்ல நின்னுக்கிட்டுச் சொல்றியா?" என்று கேட்பாள்.

அந்த மகள் கால்நடை மருத்துவம் படித்து முடித்தாள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய ஊரில் வேலை கிடைத்தது. பண்ணை பண்ணையாகப் போய் மாடு பார்க்க வேண்டும். சொந்த வண்டி உள்ள ஆளைத்தான் எடுப்போம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் வண்டியோடு வந்து நிற்காவிட்டால் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். வீட்டில் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்புவது என்று முடிவானது. முடிவு செய்தது மகள். அம்மா, "சந்தோஷம்தான்" என்றாள். வாய் சொன்னது, அவ்வளவுதான். வளைவு வளைவாக ஏறுகிற அந்தப் பாதையையும், உச்சியில் ஃபோன் சிக்னல் செத்துப்போகிற இடத்தையும், அதற்கப்புறம் வருகிற சுரங்கத்தையும் நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"அம்மா, பதறாத. வண்டில ஒரு மஞ்சள் லைட் எரியுது. இன்ஜின் படம் போட்ட லைட்."

பதறாதே என்று சொன்னால் பதறாமல் இருக்கிற பிறவியா அவள்? செருப்பைக்கூடப் போடாமல் ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் எங்கேயோ ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. வண்டி கெட்டுப்போனால் மகள் போக முடியாது அல்லவா? அந்த நிம்மதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வழக்கமாக வண்டி பார்க்கிற மெக்கானிக் பட்டறையைச் சாத்திவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். திங்கட்கிழமைதான் வருவார். ஃபோனில் கிடைத்தார்.

"லைட் ஒரே மாதிரி எரியுதா, கண் சிமிட்டுதாக்கா?"

"ஒரே மாதிரிதான் எரியுது."

"அப்ப பயப்படாதீங்க. சிமிட்டினாதான் உடனே ஓரம் கட்டணும். இல்லன்னா புகைக்குழாயும் சேர்ந்து வீணாப் போயிடும். வண்டி பதிஞ்சு வச்சிருக்கற கோளாறு நம்பரை, அதான் கோடுன்னு சொல்வோம், அதைப் படிக்கிற கருவி யாருகிட்டயாவது இருந்தா செருகிப் பாருங்க. வர்ற நம்பரை அப்படியே ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. அந்தக் கோடு, எங்க வலிக்குதுன்னுதான் சொல்லும். ஏன் வலிக்குதுன்னு சொல்லாது. அதை நாமதான் உறுதி பண்ணணும்."

இப்படிப் பேசுகிற மனிதரை மறுபடி அக்காவுக்குப் பிடிக்காமல் போகுமா? அன்று ராத்திரி அவள் ஓரளவு தூங்கினாள்.

கருவி அவளுடைய தம்பியிடம் இருந்தது. செல்ஃபோன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் அவனிடம் ஒரே வைத்தியம்தான்: அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவது. ஃபோனுக்கும் அதுதான், மிக்ஸிக்கும் அதுதான். போகிற போக்கில் மனைவியோடு சண்டை வந்தாலும் அதையேதான் செய்வான் போலிருக்கிறது, எழுந்து வெளியே போய்விட்டுத் திரும்ப வருவான். சனிக்கிழமை காலை கொட்டுகிற மழையில், தீப்பெட்டி அளவுள்ள அந்தக் கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான்.

கார் ஷெட்டுக்குள் நின்றது. சாரல் அடிக்கிறது என்று தம்பி ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டான். ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த துளையில் கருவியைச் செருகி, மகளின் ஃபோனை வாங்கி அதனோடு இணைத்து, இன்ஜினையும் ஓடவிட்டான். அடுப்படியில் இருந்த மறுபடி அக்காவுக்கு இன்ஜின் சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் அவள் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"டேய்! அணைடா அதை! முதல்ல ஷட்டரைத் தூக்கு! வெளிய வா!"

"என்னக்கா, தேள் கொட்டின மாதிரி கத்துற?"

"மூடின இடத்துல வண்டி ஓடவிடறியே, அறிவிருக்கா உனக்கு?"

அவள் சும்மா கத்தவில்லை. பல வருடங்களுக்கு முன்னால், மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கிய ஒரு குடும்பத்தின் ரத்த மாதிரிகள் அவள் மேசைக்கு வந்தன. அப்படி ஒரு பளிச்சென்ற சிவப்பை அவள் அதற்கு முன் கண்டதில்லை. பார்க்க அழகாக இருந்தது. ரத்தத்தை அப்படிச் சிவக்க வைத்த கரிப்புகை நஞ்சுதான் கார்ப்புகையிலும் இருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. மூன்று பேரும் சேர்ந்து காரை வெளியே தள்ளிக்கொண்டு வந்து, சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டார்கள். மகள் குடை பிடித்தாள்.

"சரி, கோடு என்ன வந்துச்சு?" என்றாள் அக்கா, மூச்சு வாங்க.

"அதெல்லாம் சரி பண்ணிட்டேன்" என்றான் தம்பி. "ஏதோ பூஜ்யம் மூணு பூஜ்யம் ரெண்டுன்னு வந்துச்சு. அழிச்சுட்டேன். லைட்டும் அணைஞ்சுடுச்சு. பிரச்சனை முடிஞ்சுது."

"அழிச்சுட்டியா?"

"ஆமா."

"ஃபோட்டோ எடுத்தியா?"

"போனதை எதுக்கு ஃபோட்டோ எடுக்கணும்?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். எந்த வேகத்தில், எவ்வளவு சூட்டில் அந்தக் கோளாறு வந்தது என்பதைக் கோடோடு சேர்த்து வண்டியே குறித்து வைத்திருக்கும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அத்தனையும் போச்சு. "உன்கிட்ட ஒருத்தர் ரத்தம் கொடுத்தா, நோய் இருக்குன்னு தெரிஞ்சதும் ரத்தத்தைக் கீழ ஊத்திட்டு, நோய் போச்சுன்னு சொல்லி அனுப்பிடுவே போலிருக்கே!" என்றாள். தம்பி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகள்தான் மெக்கானிக்கைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "பூஜ்யம் மூணு பூஜ்யம் ரெண்டுன்னா, ரெண்டாவது சிலிண்டர் சரியா எரியலன்னு அர்த்தம். அழிச்சாச்சுன்னா அது திரும்பவும் வர்ற வரைக்கும் ஓட்டித்தான் பார்க்கணும். வந்தா சொல்லுங்க."

"இதோ ஓட்டிடலாம்" என்று மகள் சாவியை எடுத்தாள்.

"இரு" என்றாள் அம்மா. "இன்ஜினைக் கிளப்பாம சாவியை மட்டும் திருப்பு."

திருப்பினாள். மீட்டர் பலகையில் சிவப்பும் மஞ்சளுமாக எல்லா விளக்குகளும் எரிந்தன. இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் எரிந்தது. அக்கா குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்க்காத குறை.

"சரி, விளக்குக்கு உயிர் இருக்கு. இப்பக் கிளப்பு."

"மாமா, பாருங்க. அம்மா இதுக்கும் கண்ட்ரோல் ஓட்டுறாங்க" என்று மகள் சிரித்தாள்.

"சிரி. எரிய வேண்டிய நேரத்துல எரியுதான்னு தெரிஞ்சாதான்டி, எரியாம இருக்கறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு."

இன்ஜினைக் கிளப்பியதும் எல்லாம் அணைந்தன. மஞ்சள் விளக்கும் அணைந்தது. கிளம்பும் முன்னால் அம்மா ஒரு சட்டம் போட்டாள். ஓட்டுகிறவள் ரோட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது. கருவி காட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாதான் படிப்பாள், படித்துச் சொல்லுவாள், மகள் ஃபோன் பக்கம் திரும்பவே கூடாது. மகள் சரி என்றாள். தம்பி பின்னால் ஏறிக்கொண்டான்.

சமதளத்தில் எவ்வளவு சுற்றியும் ஒன்றும் வரவில்லை. சந்தை வழியாகப் போனார்கள், பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்தார்கள். பின்னாலிருந்து தம்பி, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னான். இன்ஜின் அவ்வளவு நல்ல பிள்ளையாக ஓடிற்று. அக்காவுக்கு அதுதான் பயமாக இருந்தது. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறவனின் ரத்தத்தைக் காய்ச்சல் இல்லாத நேரத்தில் எடுத்தால் கிருமி கண்ணில் படாது. ஆளுக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட முடியுமா?

"நேத்து எங்க வரும்போது இந்த லைட் வந்துச்சு?" என்று கேட்டாள்.

மகள் யோசித்தாள். "தண்ணித் தொட்டி மேட்டுல ஏறும்போது."

"அப்ப அங்க போ."

தண்ணீர்த் தொட்டி மேடு ஊரிலேயே செங்குத்தான ரோடு. பாதி ஏறும்போது கார் குளிரில் நடுங்குகிற ஆள் மாதிரி உதறியது. மஞ்சள் விளக்கு வந்தது. வந்ததோடு நிற்காமல் கண் சிமிட்டியது. "காலை எடு, காலை எடு, ஓரம் கட்டு" என்று அக்கா அலறினாள். ஓரத்தில் நிறுத்தியதும் சிமிட்டல் நின்று, விளக்கு ஒரே மாதிரி எரிந்தது. ஃபோனில் அதே எண் வந்திருந்தது. இரண்டாவது சிலிண்டர். இந்த முறை அவள் படம் எடுத்துக்கொண்டாள், அதுவும் இரண்டு தடவை.

மெதுவாக இறங்கி வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக்குக்குப் படத்தை அனுப்பினார்கள். உடனே கூப்பிட்டார்.

"நல்லாக் கேட்டுக்குங்க. ஒவ்வொரு சிலிண்டர் தலையிலயும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். அதுதான் பொறி கொடுக்கிறது. இன்ஜின் நல்லா ஆறின பிறகு, ரெண்டாவது காயிலையும் மூணாவது காயிலையும் கழட்டி இடம் மாத்திப் போடுங்க. பெல்ட் ஓடுற பக்கத்துலேர்ந்து எண்ணணும். அப்புறம் அதே மேட்டுக்குப் போங்க. கோளாறு ரெண்டுலேர்ந்து மூணுக்குப் போச்சுன்னா, காயில்தான் கெட்டிருக்கு. புதுசு ஒண்ணு வாங்கி மாட்டிட்டுப் பாப்பா தாராளமாக் கிளம்பலாம்."

"போகலன்னா?" என்றாள் அக்கா.

"ரெண்டுலயே நின்னுதுன்னா உள்ள வேற ஏதோ இருக்கு. வண்டியை எடுக்காதீங்க. திங்கட்கிழமை நான் வந்து பார்க்கறேன்."

மகளின் முகம் விழுந்துவிட்டது. ஆக, எல்லாம் அந்த ஒரு எண்ணில் நின்றது. மூன்று வந்தால் மகள் நாளைக்குப் போகலாம். இரண்டு வந்தால் வேலை வேறு யாருக்கோ.

இன்ஜின் ஆறுவதற்காகக் காத்திருந்தார்கள். மழை விட்டிருந்தது. மகள் உள்ளே போய் ஏற்கனவே அடுக்கி முடித்த பெட்டியைத் திரும்பப் பிரித்து அடுக்கினாள். தம்பி வாசற்படியில் வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேக்கறதுக்கு முன்னாடி எப்படித் தெரியும்?"

"உனக்கு எந்த நம்பர் வரணும்னு இருக்கு?"

அவள் எழுந்து போய் இன்ஜின் மூடியின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். இன்னும் சூடாகத்தான் இருந்தது. திரும்ப வந்து உட்காரவில்லை. தம்பியும் அதற்குமேல் கேட்கவில்லை. கடையில் ஆள் வந்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பிப்போய்விட்டான். கருவியை மட்டும் விட்டுவிட்டுப் போனான்.

மறுபடி அக்காவின் கணவர் இறந்து வெகுகாலமாகிறது. மகள் அப்போது பால் பல் விழாத பிள்ளை. அவருக்கு உடம்பு சரியில்லை என்று எடுத்த ரத்தம் அவளுடைய மேசைக்கே வந்தது. இயந்திரம் காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு அவள் மறுபடி ஓட்டினாள். அதே எண். இயந்திரத்தைக் கழுவி, கண்ட்ரோலை ஓட்டிப் பார்த்து, மறுபடி ஓட்டினாள். அதே எண். குழாயில் ஒரு சொட்டுகூட மிச்சமில்லாமல் தீர்கிறவரை ஓட்டினாள். தீர்ந்த பிறகு சாய்ந்துகொள்ள ஒன்றும் இல்லாமல், வீட்டுக்குப் போய் அவரிடம் உள்ளதைச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு இந்தப் பெயரே வந்தது. அதற்கு முன்னால் அவள் எல்லோரையும் போலத்தான் இருந்தாள், ஒரு தடவை ஓட்டினால் போதும் அவளுக்கு.

இன்ஜின் ஆறியது. மகள் முடியை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டாள். அம்மா வளையலையும் மோதிரத்தையும் கழற்றி ஜன்னலில் வைத்தாள். சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். கை உள்ளே இருக்கும்போது யாரும் வண்டியைக் கிளப்பிவிடக் கூடாது. மூடியைத் தூக்கினால், சொன்னபடி நான்கு காயில்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"பிரிக்கறதுக்கு முன்னாடி அடையாளம் போடணும்" என்றாள் அம்மா. பெயர் ஒட்டாத குழாயை அவள் வாழ்க்கையில் தொட்டதில்லை. மகளின் பழைய நகப்பூச்சு பாதி காய்ந்து கிடந்தது. பெல்ட் பக்கத்திலிருந்து எண்ணி, இரண்டாவதன் தலையில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். எண்ணியது சரிதானா என்று மறுபடி எண்ணினாள். மகள் சலித்துக்கொள்ளாமல் கூடவே எண்ணினாள்.

வயரைப் பிடித்து இழுக்காமல், அதன் முனையில் உள்ள கொக்கியை அழுத்தி விடுவித்து, போல்ட்டைக் கழற்றி, இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்தினார்கள். "கிளிக்குன்னு சத்தம் கேட்டுச்சா?" என்று அம்மா கேட்டாள். "கேட்டுச்சு." "எனக்குக் கேக்கலியே." மகள் கழற்றித் திரும்பப் பொருத்திக் காட்டினாள். கிளிக்.

இந்த முறை காரில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். பழைய எண்ணை அழித்துவிட்டுக் கிளம்பினார்கள். அக்காவின் மடியில் ஃபோன் இருந்தது. இரண்டு வரட்டும் என்று அவள் மனசு வேண்டியது. வேண்டுவதை அவளாலேயே தாங்க முடியவில்லை. பெற்ற பிள்ளையின் வண்டி கெட்டுக் கிடக்கட்டும் என்று எந்தத் தாயாவது வேண்டுவாளா? அவள் வேண்டினாள்.

மேட்டில் பாதி ஏறியதும் கார் உதறியது. விளக்கு சிமிட்டியது. பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. மகள் கண்ணாடியைப் பார்த்து, சமிக்ஞை போட்டு, ஒதுங்க இடம் தேடினாள். அவள் கண் ரோட்டிலேதான் இருந்தது. சட்டம் போட்டதே அம்மாதானே. அந்த நேரத்தில் ஃபோனில் எண் வந்தது.

பூஜ்யம் மூன்று பூஜ்யம் மூன்று.

அக்கா ஃபோனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். லாரி உறுமிக்கொண்டு கடந்து போனது. மகள் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்னம்மா வந்துச்சு?"

இரண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகள் நாளைக்குப் போக மாட்டாள். வேலை போனால் என்ன, மாட்டுக்கு ஊசி போடுகிற வேலை இந்த ஊரில் கிடைக்காமலா போய்விடும்? அந்த வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்து, வேறொன்றாக வெளியே விழுந்தது.

"சரியாத் தெரியல. இறங்கிப் போயிட்டு, மறுபடி ஒரு தடவை ஏறிப் பார்த்துடலாம்."

மகள் ஃபோனைப் பிடுங்கவில்லை. அம்மாவின் மடியில் அது கவிழ்ந்து கிடப்பதை ஒருமுறை பார்த்தாள். பிறகு முன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தாள்.

"சரிம்மா. நீ எத்தனை தடவை சொன்னாலும் ஏறலாம். கடைசியில நீ ரெண்டுன்னு சொன்னா ரெண்டுதான், மூணுன்னு சொன்னா மூணுதான். நான் எடுத்துப் பார்க்க மாட்டேன். உனக்கு நல்லாத் தெரிஞ்ச பிறகு சொல்லு."

அன்றைக்குக் குழாய் தீர்ந்தது, அதனால் நிறுத்தினாள். இந்த மேடு தீராது. எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். இருட்டுகிறவரை, திங்கட்கிழமை வருகிறவரை மறுபடி மறுபடி என்றே சொல்லிக்கொண்டிருக்கலாம். மகளும் முகம் சுளிக்காமல் ஓட்டுவாள். நிறுத்த வேண்டுமானால் இந்த முறை அவளாகத்தான் நிறுத்த வேண்டும்.

"மூணு" என்றாள்.

"என்னது?"

"மூணுடி. பொட்டு வச்சது கூடவே கோளாறும் போயிடுச்சு. காயில்தான். நீ போகலாம்." ஃபோனைத் திருப்பி மகளின் கையில் வைத்தாள். வைத்துவிட்டு, ரோட்டோரம் என்றும் பார்க்காமல், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். "ரெண்டுன்னு சொல்லிடலாம்னு நினைச்சேன்டி. சொல்லியிருப்பேன்."

"தெரியும்மா" என்றாள் மகள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். "ஆனா சொல்லலயே."

உதிரிப் பாகக் கடை மூடுவதற்குள் தம்பி ஓடிப்போய்ப் புதிய காயில் வாங்கி வந்தான். பொட்டு வைத்த பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினார்கள். தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினார்கள். கார் உதறவில்லை, விளக்கும் வரவில்லை. திரும்ப ஒருமுறை ஏறினார்கள். அம்மா கேட்கவில்லை, மகளாகவே திருப்பினாள். கருவியை நீயே வைத்துக்கொள் என்று தம்பி மருமகளிடம் கொடுத்துவிட்டான். "அழிக்கிற பட்டன் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோகாத" என்று புத்திமதி வேறு சொன்னான். யார் எதைச் சொல்வது என்று ஒரு விவஸ்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால் மகள் கிளம்பினாள். அக்கா கார் கதவை ஒருமுறைதான் இழுத்துப் பார்த்தாள். தெருமுனையில் கார் திரும்பியதும் உள்ளே வந்தாள். வீடு அவ்வளவு பெரியதாக இருக்கும் என்று அவளுக்கு இதற்கு முன்னால் தெரியாது.

அடிவாரத்தை எட்டியதும் மகள் கூப்பிட்டுச் சொன்னாள். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. சிக்னல் இல்லாத இடம், தெரிந்ததுதான். தெரிந்திருந்து என்ன பிரயோஜனம்? சமைத்தாள், தட்டில் போடவில்லை. துடைத்த மேசையையே துடைத்தாள். ஃபோனுக்குச் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள், சத்தம் வைத்திருக்கிறதா என்று பார்த்தாள். சுரங்கத்தைத் தாண்டியிருக்க வேண்டிய நேரமும் தாண்டிப்போனது. பொட்டு வைத்த பழைய காயில் ஜன்னலில், வளையல் பக்கத்தில் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, மூன்று என்று சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஃபோன் சத்தம் போட்டது. மகளிடமிருந்து ஒரு படம். எழுத்து ஒன்றுமில்லை, வெறும் படம்.

கார் மீட்டர் பலகை. நடுவில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு, பளிச்சென்று எரிகிறது.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகள் எந்த வளைவில் நிற்கிறாளோ, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களோ. கூப்பிட்டுப் பார்த்தாள், போகவில்லை. படத்துக்குக் கீழே இன்னொரு படம் வந்துகொண்டிருந்தது. சிக்னல் போதாமல் பாதியில் வட்டம் சுற்றியது. 'மறுபடி ஒண்ணு எடுத்து அனுப்பு' என்று எழுதத் தொடங்கினாள். எழுத்துகள் தப்பும் தவறுமாக விழுந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் படத்தைப் பெரிதாக்கினாள்.

மஞ்சள் விளக்கு மட்டும் எரியவில்லை. பக்கத்தில் பேட்டரி விளக்கும் எரிந்தது, எண்ணெய் விளக்கும் எரிந்தது, எல்லாமே எரிந்தன. இன்ஜின் ஓட்டத்தைக் காட்டுகிற முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

வண்டி ஓடவில்லை. சாவியை மட்டும் திருப்பியிருக்கிறாள். கண்ட்ரோல்.

எழுதிக்கொண்டிருந்ததை அக்கா அழித்தாள். எழுந்து போய்த் தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள், இரண்டாவது படம் வந்த சத்தம் கேட்டது. அவள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்துதான் அதைப் பார்த்தாள்.